சி ஷிப்ட் பஸ்ஸும் கடைசி ரீலும்

மேல்பட்டாம்பாக்கம்
24-1-1966

மாமாவுக்கு ஆதிலட்சுமி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாருக்கும் சுகம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். பிள்ளையால் வந்தது இல்லை, அது பாட்டுக்கு உதைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது. இது டாக்கீஸ்காரரால் வந்தது.

நேற்று அண்ணன் வடலூரிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். நம் மந்தாரக்குப்பம் டூரிங் டாக்கீஸில் மாசி சிவராத்திரிக்கு விடிய விடிய மூன்று படமாம். மூன்றும் பேய்ப்படம். இது அநியாயம் இல்லையா? நான் கல்யாணமாகி அங்கே குடித்தனம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சிவராத்திரிக்கும் சாமிப் படமாகப் போட்டு என்னைத் தூங்கவைத்தவர், நான் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த வருஷம் பார்த்துப் பேய்களை இறக்குகிறார். அடுத்து அங்காளம்மன் சுடுகாடு போகிற மயானக் கொள்ளை வருகிறதே, அதற்குப் பொருத்தமாக இருக்கும் என்று யாரோ அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அதே புத்தியைப் போன வருஷம் நான் சொன்னபோது, "பொம்பளைங்க பயந்துக்குவாங்கம்மா" என்றார். யார் பயந்தது? மற்ற நாளில் பேய்ப்படம் போட்டபோது முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, மூடின துண்டுக்குள்ளிருந்து விசில் அடித்தார்கள். பெண்கள் பக்கத்தில் நாங்கள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம்.

படங்களை அடுக்கியிருக்கிற லட்சணத்தையும் சொல்லவேண்டும். முதலில் 'கொலுசுக் கிணறு', அப்புறம் 'பூட்டிய மாடி', விடிகிற நேரத்தில் 'ஏழாம் மைல்கல்'. மூன்றும் எனக்கு உயிர், அது வேறு விஷயம். ஆனால் 'கொலுசுக் கிணறு' படத்தை யாராவது முதலில் போடுவார்களா? ஜமீன்தார் தன் இரண்டாம் தாரத்தைக் கிணற்றில் தள்ளிவிடுகிறான். அதன்பிறகு பங்களா முழுக்கக் கொலுசுச் சத்தம். ஆளைக் காட்டமாட்டார்கள். மாடிப்படியைக் காட்டுவார்கள், அதில் ஈரக்கால் தடத்தைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் நான் பார்த்த பேய்ப்படங்களில் அதுதான் தலை. அதை நடுச்சாமத்துக்கு வைத்திருக்க வேண்டாமா? 'பூட்டிய மாடி'யில் சுவரில் மாட்டின சித்திரத்தில் செத்துப்போனவளின் கண் மட்டும் அசையும். அந்தத் தமாஷ்காரர் மயக்கம் போட்டு விழுகிற இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தால் அது கொலுசையே மிஞ்சிவிடும். 'ஏழாம் மைல்கல்' எனக்குக் கொஞ்சம் மட்டுதான். வெள்ளைச்சேலைக்காரி டூயட் பாடுகிறாள். பேய் பாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தைச் சுற்றக் கூடாது. இருந்தாலும் அவள் இறங்கிப் போனபிறகு கார் சீட்டு நனைந்திருக்குமே, அந்த ஓர் இடத்துக்காக மன்னித்தேன்.

நீங்கள் போக வேண்டாம். என்றைக்கு ஒரு படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறீர்கள்? விடியற்காலை ஏ ஷிப்ட் வாரம் என்றால் இடைவேளைக்கு முன்னாலேயே குறட்டை. பி ஷிப்ட் வாரம் ராத்திரி வரை வேலை, சினிமாவே கிடையாது. ராத்திரி சி ஷிப்ட் வாரம் என்றால் குட்டு வெளிப்படுகிற நேரத்தில் "பஸ் போயிடும்டி" என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவீர்கள். மறுநாள் பல் விளக்கிக்கொண்டே "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்பீர்கள். கடைசி ரீலை நான்தான் சொல்லவேண்டும். இந்த வருஷம் சொல்ல ஆள் இல்லை. பேசாமல் டியூட்டி பாருங்கள். நான் இல்லாமல் என் பேய்களைப் பார்க்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது.

நெய்வேலிக் குவார்ட்டர்ஸ் விஷயம் என்ன ஆயிற்று? சீனியாரிட்டியில் பெயர் நெருங்கிவிட்டது என்றீர்களே. பங்குனி வெயிலில் பச்சைப் பிள்ளையை அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து போட எனக்கு மனசில்லை.

இப்படிக்கு,
ஆதிலட்சுமி


மந்தாரக்குப்பம்
31-1-1966

ஆதிலட்சுமிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். ஹோட்டல் சாப்பாடுதான், சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டியிருக்கிறது. சுரங்கத்தில் வேலை அதிகம். அத்தையைக் கேட்டதாகச் சொல். மச்சானையும் கேட்டதாகச் சொல். சினிமாவுக்குப் போவதாக எனக்கும் எண்ணம் இல்லை.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்ததால்தான் பதில் தாமதம்.

குவார்ட்டர்ஸ் ஆர்டர் வந்தது. எலக்ட்ரிகலில் இருந்தாரே சிங்காரவேல், அவர் இருந்த வீடு. அவர் வேலையை விட்டுவிட்டு வடக்கே போய்விட்டார், வீடு காலியாகக் கிடந்தது. சாவி வாங்கப் போகிற அன்றைக்கு நம் கருணாகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விருதுநகர் பக்கத்துக்காரர், என் கேங்கில் வேலை செய்கிறவர், உனக்குத் தெரியும். "அந்த வீடா? வேண்டாம்ப்பா. சிங்காரவேல் சம்சாரம் அங்கதான் அடுப்படியில தூக்குல தொங்கிச் செத்துச்சு. இருட்டினா கொலுசுச் சத்தம் கேக்குதுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. புள்ளத்தாச்சியை வச்சுக்கிட்டு நீ ஏன் போய் மாட்டிக்கிறே?" என்றார். நல்ல மனுஷன். நமக்கென்ன என்று சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அதனால் வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த தடவை நல்லதாக வரும். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

கண்ணையன்


மேல்பட்டாம்பாக்கம்
3-2-1966

மாமாவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டீர்களா! கையெழுத்தும் போட்டாயிற்றா? யாரைக் கேட்டுக்கொண்டு?

அந்த வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது, தெரியுமா? அடுப்படிக்குப் புகைபோக்கி இருக்கிறது. பின்னால் முருங்கை வைக்க இடம் இருக்கிறது. நிறைமாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் இங்கே வருகிறவரை அந்தத் தெருக்குழாயில் குடத்தை வரிசை போட்டு, அரிசிக்கடைக்காரர் சம்சாரத்திடம் பேச்சு வாங்கியது யார்? நீங்களா, உங்கள் கருணாகரனா? கூரை சூட்டுக்கு ஈரச்சாக்கு போட்டு, அது சொட்டி, பாய் நனைந்து, நான் சுவரில் சாய்ந்து தூங்கினது மறந்துபோயிற்றா? வாசலில் வந்து நின்ற வீட்டை ஒரு வார்த்தை கேட்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறீர்களே, உங்களை என்ன சொல்ல?

கொலுசுச் சத்தத்தைக் கேட்டது யார்? காதால் கேட்டவர் பெயர் ஒன்று சொல்லுங்கள். கேட்டவரைத் தெரிந்தவர், தெரிந்தவரோடு டீ குடித்தவர் எல்லாம் வேண்டாம். செத்தவள் பெயராவது தெரியுமா உங்களுக்கு? அவள் ஏன் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று யாராவது கேட்டீர்களா? இல்லை. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், நன்றாக யோசித்துப் பதில் எழுதுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் அந்த வீடு அடுத்து யாருக்குப் போகும்?

அதைவிட முக்கியம்: வேண்டாம் என்பதற்குக் காரணம் என்ன எழுதினீர்கள்?

ஆதிலட்சுமி


மந்தாரக்குப்பம்
9-2-1966

ஆதிலட்சுமிக்கு,

உன் கடிதம் கண்டேன். ஒரு பெண்பிள்ளை புருஷனுக்கு எழுதுகிற கடிதமா அது? போஸ்ட்மேன் கையில் சுட்டிருக்கும்.

நீ என்னை முட்டாள் என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். சரி, நான் கேட்கிறேன். எனக்குப் பேயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது யார்? 'கொலுசுக் கிணறு' படத்தில் ஜமீன்தார் என்ன ஆனான்? கிணற்றடியில் நின்றவனைக் கொலுசுக்கால் வந்து இடறி உள்ளே இழுத்துக்கொண்டது என்று நீதானே சொன்னாய்? 'பூட்டிய மாடி'யில் சித்திரத்திலிருந்து இறங்கி வந்து புருஷனைக் கன்னத்தில் அறைந்தாள் என்று சொன்னாய். அறைந்த விரல் ஐந்தும் பதிந்தது என்று என் கன்னத்திலேயே தொட்டுக் காட்டினாய். 'ஏழாம் மைல்கல்'லில் காரை ஏற்றிக் கொன்றவனை அதே மைல்கல்லில் கொண்டுபோய் மோதவைத்தாள் என்றாய். அதையெல்லாம் கேட்டுவிட்டுக் கூலிங் டவர் பக்கம் நடந்துபோக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது ஒரு வீட்டில் கொலுசுச் சத்தம் என்றால், "யார் கேட்டது, பேர் என்ன" என்று கோர்ட்டு வக்கீல் மாதிரி கேட்கிறாய். சினிமாவில் வந்தால் நிஜம், குவார்ட்டர்ஸில் வந்தால் பொய்யா?

உனக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் சுடுகாடு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. கம்மாபுரம் பக்கம் எங்கள் ஊரில் நிலமும் போச்சு, வீடும் போச்சு, சுடுகாடும் சுரங்கத்துக்குள் போச்சு. மயானக் கொள்ளைக்குச் சூறை விட மயானம் இல்லாமல் எங்கள் ஜனங்கள் இரவல் சுடுகாடு தேடுகிறார்கள். வெளியேற்றின எங்களுக்கு வேலை கிடைத்தது. சுடுகாட்டிலிருந்து வெளியேற்றின செத்தவர்கள் எங்கே போனார்கள்? உனக்குச் சிரிப்பு. நான் தோண்டுகிற இடத்தில் நிற்கிறவன்.

அடுத்து யாருக்கு என்று கேட்டாய். கருணாகரனுக்குத்தான் வரிசைப்படி வரும். அவர் ஏதோ மந்திரிக்கிற ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அது அவர் பாடு.

காரணம் என்ன எழுதினேன் என்று கேட்டாய். மானக்கேடு ஒன்றும் வராமல்தான் எழுதினேன். 'என் மனைவி கர்ப்பிணி, மேற்படி வீட்டில் குடியிருக்க அஞ்சுகிறாள்' என்று எழுதினேன். ஆபீஸில் குஞ்சிதபாதம் ஐயா ஒரு கேள்வி கேட்கவில்லை. உடனே வாங்கி வைத்துக்கொண்டார்.

கண்ணையன்


மேல்பட்டாம்பாக்கம்
12-2-1966

திரு. கண்ணையன் அவர்களுக்கு,

நான் அஞ்சினேனா?

எட்டு வயசில் அங்காளம்மனோடு சுடுகாடு போய், சூறை விட்ட கொழுக்கட்டையைச் சாம்பலிலிருந்து பொறுக்கித் தின்றவள் நான். மூன்று பேய்ப்படத்தையும் கண்ணை மூடாமல் பார்த்தவள். பயந்தவர் நீங்கள். கையெழுத்துப் போட்டவர் நீங்கள். பயம் மட்டும் என்னுடையதா? கேட்காமலே வாங்கி வைத்துக்கொண்டாராம். வாங்கத்தான் செய்வார்! பொம்பளை பயந்தாள் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த மனுவில் இருக்கிறது திருத்தப்படுகிற வரைக்கும் நான் அங்கே வருவதாக இல்லை. பிள்ளை பிறந்தால் அண்ணன் வந்து தகவல் சொல்வார். சர்க்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேங்கில் எல்லாருக்கும் கொடுக்கலாம். கருணாகரனுக்குக் கூடுதலாகவே கொடுங்கள், நல்ல மனுஷன்.

ஆதிலட்சுமி


மந்தாரக்குப்பம்
22-2-1966

ஆதிலட்சுமிக்கு,

நீ கோபித்துக்கொண்டது போதும். இப்போது என் முறை.

சிவராத்திரிக்கு எனக்கு ஓய்வு நாளாக விழுந்தது. நீ போகக் கூடாது என்றாய். போனேன். மூன்று படத்தையும் பார்த்தேன். பஸ் இல்லை, சுரங்கத்துச் சங்கு இல்லை, குறட்டையும் இல்லை. மூன்று படத்தின் கடைசி ரீலையும் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ஜமீன்தாரை யாருமே இழுக்கவில்லை! பங்களாவின் கணக்குப்பிள்ளை மீசையும் கீசையுமாகத் தன் காலில் கொலுசு கட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்குகிறான். பங்களாவில் பேய் இருக்கிறது என்று கிளப்பிவிட்டால் எல்லாரும் ஓடிவிடுவார்கள், அடிமாட்டு விலைக்குத் தானே எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். 'பூட்டிய மாடி'யில் சித்திரத்துக் கண்ணைத் தோண்டிவிட்டுச் சுவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் மைத்துனன். 'ஏழாம் மைல்கல்' வெள்ளைச்சேலைக்காரி சி.ஐ.டி.யாம்! மூன்று படத்திலும் ஒரு பேய்கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரிக்கிறார், நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இன்னாப்பா, மொத தபா பாக்கிறியா?" என்று கேட்கிறார். ஐந்தாவது தடவை என்று எப்படிச் சொல்வேன்?

ஏன்டி, கட்டின புருஷனிடம் சினிமாக் கதையில்கூடவா பொய்?

கொலுசு கட்டின காலைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்றும் உறைத்தது. கருணாகரன்! அவர் சொன்னது அப்படியே கணக்குப்பிள்ளை சொன்னது. கொலுசுகூட மாறவில்லை. அந்த ஆளும் அதே டாக்கீஸில் அதே படத்தைப் பார்த்தவர்தான். அவருக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தும் ஒற்றை அறை, இதன்மேல் கண். கடைசி ரீலைப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினவன் எவன் என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார். நீ மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால் அவர் வாயைத் திறந்தபோதே "கணக்குப்பிள்ளை!" என்று காலரைப் பிடித்திருப்பேன். வீட்டைத் தொலைத்தது நான் இல்லை, உன் வாய்.

ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். இன்னும் ஆர்டர் கருணாகரனுக்குப் போகவில்லை, வெள்ளையடிக்கிறார்கள். கருணாகரன் பொய் சொல்லிவிட்டார் என்று குஞ்சிதபாதம் ஐயாவிடம் சொன்னேன். "அந்தம்மா செத்தது பொய்யா?" என்று கேட்டார். செத்தது நிஜமாக இருக்கலாம், கொலுசு மட்டும்தான் பொய் என்றேன். அப்படியானால் உங்கள் சம்சாரம் அஞ்சுவதும் நியாயம்தானே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கண்ணையன்


மேல்பட்டாம்பாக்கம்
27-2-1966

மாமாவுக்கு,

ஆமாம், மாற்றித்தான் சொன்னேன். இன்னும் பத்துப் படம் வந்தாலும் மாற்றித்தான் சொல்வேன்.

நீங்கள்தான் கடைசி ரீலைப் பார்த்துவிட்டீர்களே, அதில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். கணக்குப்பிள்ளை மாட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். ஜமீன்தார் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டுக் கோயிலுக்கு ஏதோ எழுதிவைத்தான். கதாநாயகனும் கதாநாயகியும் மாலை மாற்றிக்கொண்டார்கள், சுபம். கிணற்றில் தள்ளப்பட்டவள்? அவளைப் பற்றி ஒருத்தர் வாய் திறந்தார்களா? அவள் செத்தது இன்னொருத்தன் பங்களா வாங்க ஒரு சாக்கு. அவ்வளவுதான் அவள் உயிருக்கு விலை. முதல் தடவை பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நீங்கள் வந்து "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டீர்கள். அந்த அக்கிரமத்தை என் வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இழுத்துக்கொண்டு போனாள் என்றேன். இழுத்திருக்க வேண்டும். அது என் படம், அப்படித்தான் முடியும்.

இப்போது நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. உட்கார்ந்து படியுங்கள்.

ரவிக்கையெல்லாம் இறுக்கமாகிவிட்டது என்று முந்தாநாள் சந்தைத் தெருவில் தையல்கார அக்காவிடம் பிரித்துத் தைக்கக் கொடுக்கப் போனேன். புதிதாக மிஷின் போட்டிருக்கிறார்கள், தன் அண்ணன் வீட்டோடு இருக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அளவு எடுக்கும்போது எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறேன் என்று கேட்டார். நெய்வேலி என்றேன்.

"நானும் அங்கதாம்மா இருந்தேன். எலக்ட்ரிகல் சிங்காரவேல் வூடு."

உட்கார்ந்தேன். பெயரைக் கேட்டேன். ருக்குமணி.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க செத்துப்பூட்டதா அங்க பேசிக்கினு இருக்காங்க."

"எப்பிடிச் செத்தேனாம்?"

"தூக்குல."

"கயிறு யாரு வாங்கியாந்து குடுத்தாங்களாம்?" என்று சிரித்தார்.

"கொலுசுச் சத்தம் கேக்குதாம்க்கா."

"கொலுசா? எங்கப்பா போட்டத அந்தாளு மொத வருசமே வெச்சிக் குடிச்சிட்டான். கேக்கறதா இருந்தா அடகுக் கடையில தான் கேக்கணும்."

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. அளவு நாடாவை மிஷின் மேல் வைத்தார். "செத்துட்டேன்னு மொதல்ல சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். நான் உசுரோட இருந்தா அவனுக்கு எவன் ரெண்டாவது பொண்ணு குடுப்பான்?" என்றார். அடி தாங்காமல் ஒரு நாள் கட்டின புடவையோடு பஸ் ஏறி வந்தவர், மாமா. பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க நடந்து வந்திருக்கிறார். பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் அவன் சொன்னதுதான் வசதியாக இருந்திருக்கிறது. புருஷனை விட்டுவிட்டுப் போனாள் என்று சொல்ல வாய் கூசுகிறது. செத்துப்போனாள் என்றால் கூசவில்லை. அதன்மேல் கருணாகரன் கொலுசு கட்டினார். நீங்கள் என் பயத்தைக் கட்டினீர்கள். எல்லாரும் சேர்ந்து ஓர் உயிருள்ள பொம்பளையைப் பேயாக்கி, அவள் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஓடியிருக்கிறீர்கள். இதில் வாய் கிழிய என்னைப் பொய்க்காரி என்கிறீர்கள்.

ஆபீஸில் நேரிலேயே வந்து நிற்கிறேன் என்றார் அக்கா; நானும் கூட வருகிறேன் என்றுதான் கிளம்பினேன். இந்த மாசத்தில் பஸ்ஸில் போனால் காலை ஒடிப்பேன் என்கிறாள் அம்மா. அக்கா தனியாகவே வருகிறார். "நான் செத்தேனான்னு நானே போயி கேட்டுக்கினு வரேன்" என்கிறார். வியாழக்கிழமை காலை பஸ் நிலையத்தில் நில்லுங்கள். ஆபீஸுக்கு அழைத்துப் போங்கள். நடக்கிறதை எழுதுங்கள்.

மனுவில் என்ன திருத்தவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆதிலட்சுமி


மந்தாரக்குப்பம்
4-3-1966

ஆதிலட்சுமிக்கு,

இந்தத் தடவை கடைசி ரீலைப் பார்த்தவன் நான், பார்க்காதவள் நீ. உன்னைப் போல மாற்றிச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, ஏனென்றால் எனக்கு முன்னாலேயே சிங்காரவேல் இருந்த பிளாக்கைச் சேர்ந்த ஒருவர் பார்த்துவிட்டுச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். அக்கா அதைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

ஆபீஸில் கருணாகரனும் இருந்தார், ஆர்டர் எப்போது வரும் என்று கேட்க வந்திருந்தார். குஞ்சிதபாதம் ஐயா கண்ணாடியைத் தூக்கி, "யாரும்மா நீங்க?" என்றார்.

"சிங்காரவேல் வூட்டுப் பேயிங்க" என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. "நான் செத்ததப் பாத்தவங்க யாருன்னு கேக்க வந்தேன். பொணத்தை யாரு தூக்கினது? கொள்ளி யாரு வெச்சது? சொல்லுங்க, ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் கருணாகரனைப் பார்த்தேன். "நான் என்னத்தக் கண்டேன், கேள்விப்பட்டதச் சொன்னேன்" என்றார் கருணாகரன்.

"கொலுசையும் கேள்விப்பட்டீங்களா?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இல்ல, டாக்கீஸ்ல பாத்தீங்களா?"

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டார். அதற்குமேல் அவரை எதுவும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நானும்தானே நம்பினேன்.

குஞ்சிதபாதம் ஐயா அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம், "வீடு இன்னும் உங்க வரிசையிலதான் இருக்கு. ஆனா சம்சாரம் அஞ்சறதா எழுதியிருக்கீங்களே. இப்ப அவங்களுக்குப் பயம் தெளிஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுங்க, போதும்" என்றார். அப்படி எழுதினால் சுலபமாக முடிந்திருக்கும். பேனாவையும் கையில் கொடுத்துவிட்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

'முந்தைய மனுவில் என் மனைவி அஞ்சுவதாக நான் எழுதியது தவறு. அவள் எதற்கும் அஞ்சியதில்லை. அஞ்சியவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐயா அதைச் சத்தமாகப் படித்துவிட்டார். ஆபீஸ் முழுக்கக் கேட்டது. இன்றைக்குக் கேங்கில் என் பெயர் கண்ணையன் இல்லை, கொலுசு. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். சாவி என் கையில் இருக்கிறது.

இனிமேல் உள்ளதுதான் நான் எழுத உட்கார்ந்தது.

வீட்டை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றார் அக்கா. அழைத்துப் போனேன். பகல் வெளிச்சம், புது வெள்ளை, சுண்ணாம்பு வாசம். அக்கம்பக்கத்தில் கதவைத் திறந்து பார்த்தார்கள், ஒருத்தரும் வெளியே வந்து "எப்படி இருக்கே" என்று கேட்கவில்லை. அவர் நேரே அடுப்படிக்குப் போய் நின்றார். அடுப்படிக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் பிய்ந்து ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து வெள்ளையடித்திருந்தார்கள். அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நின்றது யார், வெளியிலிருந்து இடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஆதிலட்சுமி, அந்த வீட்டில் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது அப்போதுதான். கொலுசு என்று சொன்னபோது வந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வாசலுக்கு வந்ததும் அவர் குடையை விரித்தார். பிள்ளைக்குச் சட்டை தைத்து வைக்கிறேன் என்றார். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"குடி வர்றதுக்கு மின்னாடி வூட்ட நல்லாக் கழுவி வுட்டுடு தம்பி. நான் செத்ததுக்கோசரம் இல்ல. அவன் இருந்ததுக்கோசரம்."

புதுத் தாழ்ப்பாள் வாங்கிவிட்டேன். நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். வீட்டை நானே கழுவுகிறேன்.

கண்ணையன்